ஆடுதுறை வீட்டில் இரண்டு பாட்டுப் பெட்டிகள்

சென்னையில் வீடு மாற்றும்போது நாத்தனார் இரண்டு பாட்டுப் பெட்டிகளை எங்களுக்கு அனுப்பிவைத்தார். "இரண்டையும் போட்டுப் பாருங்கள் அண்ணி, எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புங்கள்" என்றார். ஒன்று உள்ளங்கையில் உட்காரும் பேசும் ஸ்பீக்கர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டால் பாடும். மற்றொன்றில் ஸ்பீக்கரே கிடையாது. இணையத்திலிருந்து பாட்டை இழுத்து, வீட்டில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. கூடவே ஒரு சின்ன ரிமோட்.

கடைக்காரர்களும் விளம்பரங்களும் ஒலித்தரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு கடைசியாகத்தான் வந்தது. வீட்டில் எண்பதைத் தொடும் மாமனார், முழங்கால் வலியோடு நடமாடும் மாமியார், கும்பகோணத்துக்கு வேலைக்குப் போய்வரும் கணவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன், நான். மகள் திருச்சியில் விடுதியில் இருக்கிறாள். இத்தனை பேரில் யாரையும் கூப்பிடாமல் மாமியார் தானாகவே ஒரு பாட்டைப் போட்டுக்கொள்ள முடியுமா என்பதுதான் என் அளவுகோல். அவரால் முடிந்தால் எல்லோராலும் முடியும்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றத்தோடு கூடம், அடுக்களை, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய சுவர்கள், முழத்துக்குக் குறையாத கனம். இணையக் கம்பி வாசல் பக்கமாக வருவதால் ரவுட்டர் ரேழி அறையில், இரும்புப் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. அங்கே நின்றால் கைப்பேசியில் வைஃபை கோடுகள் நிறைந்து இருக்கும். கூடத்துக்கு வந்தால் ஒரே ஒரு கோடு.

ரவுட்டர்கள் இப்போது இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனமான சுவரைத் தாண்டாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். பாட்டுக்கு அந்த வேகமே ஏராளம். நல்ல தரம் என்று சேவைகள் சொல்வதே நொடிக்கு 320 கிலோபிட்தான். ஒரு சினிமா பார்க்க ஆகும் வேகத்தில் அது சிறு துளி. அடுக்குமாடிகளில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களெல்லாம் 2.4 அலைவரிசையில் முட்டிக்கொள்வதால் 5-க்குப் போகச் சொல்வார்கள். எங்கள் தெருவில் அந்த நெருக்கடி இல்லை. பேசும் ஸ்பீக்கரை 2.4-இலேயே சேர்த்தோம். ரவுட்டரைப் பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து ரேழிக் கதவின் நிலைக்கு மேலே பலகை அடித்து வைத்ததும் கூடம் வரை கோடுகள் நிமிர்ந்தன. இரண்டாவது பெட்டிக்கு வைஃபையே வேண்டாம் என்று கணவர் உத்திரத்தின் ஓரமாகக் கம்பி இழுத்து நேராகச் சேர்த்துவிட்டார். பெட்டி வாங்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்பு கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சுவர்தான் முடிவு செய்யும்.

அடுத்தது மின்சாரம். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது எங்கள் பக்கம் மின்சாரம் போவதும் வருவதும் சகஜம். இன்வெர்ட்டர் விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும்தான் இணைத்திருந்தது. ரவுட்டர் சொருகியிருந்த பிளக் அதில் சேரவில்லை. மின்சாரம் திரும்பி வந்ததும் பேசும் ஸ்பீக்கர் உடனே விழித்துக்கொள்ளும். ரவுட்டர் எழுந்து இணையத்தைப் பிடிக்க இன்னும் சில நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் ஸ்பீக்கர் இணையம் இல்லை என்று ஆங்கிலத்தில் புகார் சொல்லும். இதை நள்ளிரவில், இருட்டுக் கூடத்தில் கேட்ட மாமியார் யாரோ ஒரு பெண் பேசுகிறாள் என்று நினைத்துவிட்டார். மறுநாளே ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். வந்துவிட்டது. ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் யு.பி.எஸ். பெட்டியில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். இருந்தாலும், தெரு முழுக்க வெகுநேரம் மின்சாரம் இல்லையென்றால் நம் ரவுட்டர் உயிரோடு இருந்தும் இணையம் வராமல் போகலாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவின் பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வெகுநாள் ஆயிற்று. அப்போது பேட்டரி டிரான்சிஸ்டர்தான் பேசிக்கொண்டிருந்தது. மாமனார் அதைத் தூக்கிப்போட விடமாட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

பேசும் ஸ்பீக்கரோடு உண்மையான வழக்கு மொழியில்தான் ஆரம்பித்தது. எங்களிடம் வந்த பெட்டிக்கு ஆங்கிலமும் இந்தியும்தான் தெரியும். தமிழ்ப் பாட்டைப் பாடும், தமிழில் கேட்டால் புரிந்துகொள்ளாது. மாமியார் "தேவாரம் போடம்மா" என்று கேட்பார். குரல் பெண் குரலாக இருந்ததால் அவருக்கு அது 'அம்மா'. பெட்டி வேறு எதையோ பாடும். அவர் சலிக்காமல் "அது இல்லையம்மா" என்பார். மகன் ஓடிவந்து ஆங்கிலத்தில் திருத்துவான். பாட்டி கேட்க பேரன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் அப்புறம் எதற்குப் பேசும் பெட்டி?

இதற்கு இரண்டு வழிகள் ஓரளவு உதவின. முதலாவது, பிடித்த பாட்டுகளைப் பட்டியலாகச் சேர்த்து, அந்தப் பட்டியலுக்குப் பெட்டியின் காதுக்கு எளிதாகப் பிடிபடும் ஒற்றைச் சொல்லைப் பெயராக வைப்பது. தேவாரத்துக்கு 'டெம்பிள்' என்று வைத்தோம். 'பிளே டெம்பிள்' என்பதை மாமியார் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். இரண்டாவது, நேரம் குறித்து வைப்பது: காலையில் தானாக ஆரம்பித்து, அரைமணி பாடி, தானாக நின்றுவிடும். மார்கழியில் மட்டும் அதை அணைத்து வைக்க வேண்டும். விடியுமுன்னே கோயில் ஒலிபெருக்கி தெருவையே எழுப்பிவிடும்போது வீட்டுக்குள் தனியாக ஒன்று எதற்கு?

தேடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பாட்டுகளுக்கு இதில்தான் அதிகச் சிக்கல். சினிமாப் பாட்டில் பாடியவர் என்ற இடத்தில் பல சமயம் இசையமைப்பாளர் பெயர் இருக்கும். கர்நாடக இசையில் தியாகராஜர் பெயரே பாடகர் பெயராகப் பதிவாகியிருப்பதையும் பார்த்தேன். 1847-இல் மறைந்தவர் எந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் போயிருக்க முடியாது. நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், ஆகவே ஒரு விதத்தில் தேடிக் கிடைக்காதது இன்னொரு விதத்தில் கிடைக்கும். தேவாரம் தேடுபவர்கள் பதிகத்தின் முதல் சொல்லையோ தலத்தின் பெயரையோ கொடுத்துப் பார்ப்பது பலன் தருகிறது. கிடைத்தவுடன் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் முறை அதே தேடலில் அது முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மாமனாருக்கு வேண்டியது டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம். திருவாவடுதுறை எங்கள் ஊருக்கு அடுத்தாற்போல் இருக்கிறது, ஆகவே அவரைச் சொந்த மனிதர் போலவே மாமனார் பேசுவார். 1956-இல் காலமான வித்துவானின் பழைய இசைத்தட்டுப் பதிவுகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் அவை நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய தட்டுகள்; ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பதிய முடியும். ஆலாபனை ஒன்று இரண்டு மூன்று பக்கங்களாக உடைந்து, பகுதி 1, பகுதி 2 என்று தனித்தனிப் பாட்டாகவே ஏறியிருக்கும். பணம் கட்டாத கணக்கில் பாட்டுகளைக் குலுக்கிப் போடும் ஏற்பாடு இருந்தது. ஒருநாள் பகுதி 2 முதலில் வந்தது. மாமனார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் திறந்து, "ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் உச்சத்துக்குப் போய்விட்டாரே" என்றார். காது அப்படி.

இதில் கவனிக்க வேண்டிய அமைப்புகள் சில. ஒரு பாட்டின் முடிவோடு அடுத்ததன் தொடக்கத்தைக் கலக்கும் வசதி சினிமாப் பாட்டுக்குச் சரி, ஆலாபனைக்கு விஷம், அணைத்துவிடுங்கள். இடைவெளி இல்லாமல் ஓடும் வசதி வேறு, அது இருக்கட்டும். எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் வசதியைப் போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய பழைய தட்டுக்கு அடுத்து வரும் புதுப் பாட்டு கூடத்தை அதிரவைக்கும். கேட்ட பட்டியல் முடிந்ததும் தானாக வேறு ஏதோ பாடத் தொடங்குவதைக் கட்டாயம் நிறுத்துங்கள். திருப்பாவை முடிந்த கையோடு குத்துப்பாட்டு வந்தது எங்கள் வீட்டில் நடந்தது. மகன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்; அவன் கேட்பதைப் பார்த்துத்தான் பெட்டி அதைத் தேர்ந்திருந்தது. பதிகத்தின் நடுவே நகைக் கடன் விளம்பரம் வந்த அன்றுதான் சந்தா கட்டுவது என்று கணவர் முடிவெடுத்தார்.

சந்தாவும் ஒரே கணக்காக இருந்தால் போதாது. ஒரே கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் பாடும். மாமியார் பூத்தொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். திருச்சியில் மகள் கைப்பேசியில் ஒரு பாட்டைத் தட்டுவாள். இங்கே கூடம் சட்டென்று ஊமையாகிவிடும். "கெட்டுப்போய்விட்டதா?" என்று மாமியார் கேட்பார். குடும்பச் சந்தா எடுத்தால் ஆளுக்கொரு கணக்கு கிடைக்கும். பெரிய சேவைகளில் ஆறு பேர் வரை சேரலாம். எல்லோரும் ஒரே முகவரியில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சிலவற்றில் உண்டு, விடுதிப் பிள்ளைகள் உள்ளவர்கள் அதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். கூடத்துப் பெட்டிக்கென்று ஒரு தனிக் கணக்கை ஒதுக்கியது நாங்கள் செய்ததில் மிகப் பயனுள்ள வேலை. மகன் கேட்பது பாட்டியின் பட்டியலில் கலப்பது அதோடு நின்றது.

இப்போது இரண்டாவது பெட்டி. கணவரிடம் கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய ஆம்ப்ளிஃபயரும், மரக்கூட்டில் அமைந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் துணி போர்த்திக் கிடந்தன. சிவப்பு, வெள்ளை முனை கொண்ட சாதாரண ஒயரால் பெட்டியை அதில் சேர்த்தார். அன்று மாலை அதே நாகஸ்வரக் கச்சேரியை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். பழைய தட்டு அல்ல, பிற்காலப் பதிவு. நாகஸ்வரத்தைப் பொறுத்தவரை சின்ன ஸ்பீக்கரும் குறை வைக்கவில்லை. வித்தியாசம் தவிலில் இருந்தது. தவிலின் வலந்தலையை விரல்களில் கூடு மாட்டி வாசிப்பார்கள், அது கணீரென்று கேட்கும். இடப்பக்கத் தொப்பியைக் குச்சியால் அடிப்பார்கள். அதன் அடிநாதம் சின்ன ஸ்பீக்கரில் காணாமலே போயிருந்தது. உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் இருக்கும் கூம்பால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. பெரிய ஸ்பீக்கரில் குச்சி தோலில் விழுவதும், அதன்பின் எழும் கும்மென்ற நாதமும் தனித்தனியாகக் கேட்டன. மாமனார் எழுந்து நாற்காலியை முற்றத்தின் அந்தப் பக்கம் போட்டுக்கொண்டார். "இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து கேட்கிற வாத்தியமா இது?" என்றார். ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடையும் நரசிங்கம்பேட்டை பக்கத்து ஊர்தான். 2022-இல் அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வீதியில் போகும் வாத்தியத்துக்குத் திறந்த முற்றம் ஓரளவாவது இடம் கொடுக்கிறது.

இந்தப் பெட்டி பாட்டைக் கைப்பேசியிலிருந்து வாங்கிப் பாடுவதில்லை. கைப்பேசி எதைப் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும், பெட்டி நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். புளூடூத் அப்படி அல்ல. அதில் பாட்டு கைப்பேசி வழியாகத்தான் வரும், அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், கைப்பேசியோடு கணவர் கொல்லைப் பக்கம் போனால் பாட்டு விக்கும். வீட்டுக்குப் பொதுவாக ஒரு பெட்டி வாங்குபவர்கள் புளூடூத் மட்டும் உள்ளதை வாங்கவேண்டாம் என்பது என் கட்சி.

ஆனால் மாமியாரின் பக்கம் தராசைச் சாய்த்தது ரிமோட். அதில் எண் போட்ட பொத்தான்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பட்டியலையோ வானொலி நிலையத்தையோ பதிந்து வைக்கலாம். ஒன்றில் திருச்சி வானொலி, இரண்டில் தேவாரம், மூன்றில் நாகஸ்வரம், நான்கில் மகனுடையவை. எண் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று மாமியார் இரண்டாம் பொத்தானின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டார். விரல் தடவினாலே தெரிகிறது. பேரனும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம்.

திருச்சி வானொலி 1939-இல் தொடங்கிய நிலையம். அகில இந்திய வானொலியின் நிலையங்களை இணையத்திலும் கேட்க முடிவதால் அதை முதல் பொத்தானில் வைத்தோம். மாமனாருக்கு இந்த நிலையத்தோடு உள்ள உறவு பாட்டை விடப் பழையது. 1960களில் எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏடிடி 27 ரகத்தைத் தஞ்சாவூர் ஜில்லா விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்கள், வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டே அது அவ்வளவு வேகமாகப் பரவியது. மாமனார் அப்போது வயலுக்கு டிரான்சிஸ்டரைத் தூக்கிப்போன இளவட்டம். இப்போதும் அவர் டிரான்சிஸ்டரையும் பெட்டியையும் சேர்த்துப் போட்டுவிடுவார். இணையம் வழியாக வருவது பல நொடிகள் பின்தங்கி வரும். ஒரே செய்தி திண்ணையில் ஒருமுறை, கூடத்தில் ஒருமுறை. கிரிக்கெட் வர்ணனை கேட்பவர்களுக்கு இது பெரிய தொல்லை, எங்களுக்கு இல்லை.

டேட்டாக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 160 கிலோபிட் தரத்தில் ஒருமணி நேரத்துக்கு 72 எம்.பி., 320 கிலோபிட்டில் 144 எம்.பி. ஆகும். தரம் குறையாத சி.டி. அளவுப் பதிவுகள் அதைப் போல் பல மடங்கு விழுங்கும். வீட்டு இணையத்தில் இது ஒன்றுமில்லை. ஆனால் மழையில் கம்பி அறுந்து, கைப்பேசியின் நாள் ஒன்றுக்கு 1.5 ஜி.பி.யை நம்பி ஓட்டும்போது அமைப்பில் போய்த் தரத்தைக் குறைத்துவிடுங்கள்.

பேசும் ஸ்பீக்கர் பற்றி மாமனார் கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது: "நாம் பேசுவதையெல்லாம் இது கேட்டுக்கொண்டேயிருக்கிறதா?" அதன் பெயரைச் சொல்கிறார்களா என்று எப்போதும் காதைத் திறந்துதான் வைத்திருக்கிறது. பெயரைக் கேட்டபின் பேசுவது பதிவாகி நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. பெயர் போலவே ஒலிக்கும் வேறு சொல்லுக்கும் சில சமயம் விழித்துக்கொள்ளும். பதிவுகளை ஆப் வழியாக அழிக்கலாம். மேலே மைக்கை அணைக்கும் பொத்தான் உண்டு, அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். குத்தகைப் பேச்சுக்கு ஆட்கள் வந்தால் மாமனார் முதலில் அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். குரலில் சொல்லிப் பொருள் வாங்கும் வசதியையும் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது பெட்டிக்கு இன்னொரு திறமையும் இருந்தது. வீட்டுக்குள்ளேயே உள்ள கணினியில் இருக்கும் பாட்டுகளையும் அது பாடும், அட்டையில் டி.எல்.என்.ஏ. என்று எழுதியிருந்தால் அந்த வசதி உண்டு என்று பொருள். எங்கள் கல்யாணத்து நாகஸ்வரமும், கோயில் உற்சவங்களில் மாமனார் பதிந்ததும் ஒரு தகரப் பெட்டி நிறையக் கேஸட்டுகளாக இருக்கின்றன. எந்தச் சேவையிலும் அவை கிடைக்காது. கணவர் பழைய கேஸட் டெக்கை மடிக்கணினியோடு இணைத்து ஒவ்வொன்றாக ஏற்றி வருகிறார். டெக்கில் நாடா உரசிப்போகும் தலைப்பகுதியை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பார். கேஸட்டை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டி நாடாவைத் தளர்த்திவிட்டுத்தான் பதிவார். சுருக்காமல் பதிந்தால் ஒருமணி நேரம் 600 எம்.பி.க்கு மேல் வரும். ஃபிளாக் முறையில் சேமித்தால் தரம் குறையாமல் ஏறக்குறைய பாதியாகும். கோப்பின் பெயரிலேயே வித்துவான், கோயில், ஆண்டு மூன்றையும் எழுதுகிறார். மாமனார் நினைவில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டிய விவரம் அது. எங்கள் ஈரக் காற்றில் சில கேஸட்டுகளின் கண்ணாடி வழியாகப் பார்த்தாலே நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிகிறது. அவற்றை டெக்கில் போடவில்லை. போட்டால் தலைப்பகுதியில் ஒட்டி, நல்ல கேஸட்டுகளுக்கும் பரவும். அதற்கென்று சுத்தம் செய்பவர்களிடம் கொடுக்கத் தனியே கட்டி வைத்திருக்கிறோம்.

பேசும் ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்ப அட்டைப் பெட்டியில் வைத்தபோது, தன் அறைக்கு வேண்டும் என்று மகன் கேட்டான். பொதுத்தேர்வு முடியட்டும் என்று சொல்லி, பார்சலை நாத்தனாருக்கு அனுப்பிவிட்டோம். ரிமோட் உள்ள பெட்டி கூடத்திலேயே இருக்கிறது. ரிமோட் மட்டும் மாமியாரின் மடியோடு அடுக்களைக்கும் கொல்லைக்கும் போய்விடுவதால், இன்னொரு ரிமோட் தனியாகக் கிடைக்குமா என்று கணவர் கும்பகோணத்துக் கடைகளில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.